புரியார் வீடு

செண்பகனூர் இறக்கத்தில்
வழி கேட்டால் சொல்வார்கள்:
"புரியார் வீடா? பேரிக்காய் மரம் தாண்டி
தகரக் கூரை."
யாருக்கு என்ன புரியவில்லை என்று
ஒருவரும் கேட்டதில்லை.

பள்ளிக்கூடத்தில் என் முதலெழுத்து பு.
"பு என்றால்?" என்றார் கணக்கு வாத்தியார்.
சொன்னேன்.
வகுப்பு சிரித்து முடிக்க
ஒரு பீரியட் ஆனது.

வீட்டில் வேறு கதை.
புருயார் ஒரு வெள்ளைக்காரத் துரை,
குதிரையில் மலையேறியவர்.
பேரிக்காய் அவர் கொண்டுவந்தது.
தம்பி பெலிக்ஸின் பூனைக்கண் அவர் கொடுத்தது.
எனக்கு எதுவும் கொடுக்கவில்லை,
அதனால்தான் கல்யாணம் தள்ளிப்போகிறது.

போன மாதம் லியோன்சி,
பாரிசுக்குப் பக்கம் சார்செல்லில் இருக்கும்
சித்தப்பா மகள்,
ஒரு காகிதத்தைப் படமெடுத்து அனுப்பினாள்.
காரைக்கால் நகர்மன்றம், 1882.
உப்புச் சாவடியில் கணக்கெழுதும் சூசை,
தகப்பன் பேர் மாசிலாமணி,
சாதி வழக்கத்தை இன்றோடு விட்டேன்,
எனக்கும் என் பிள்ளைகுட்டிகளுக்கும்
இனி இதுவே குடும்பப் பேர் என்று
எழுதிக்கொடுத்திருக்கிறான்.

புருயார் என்றால் பனிமூட்டமாம்.
கடலோரத்துக்காரன்
எந்த மூட்டத்தைக் கண்டான் அப்போது?
எழுத்தர் நீட்டிய பட்டியலில்
விரல் பட்ட சொல்லாக இருக்கலாம்.
அல்லது
கிட்டே வரும்வரை
யார் எவரென்று தெரியக் கூடாது என்று
நினைத்திருக்கலாம்.
கையெழுத்து தமிழில்.
புள்ளி வைக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து
குருமடம் கட்டும் கணக்கெழுத
பெரியகுளத்திலிருந்து கூலிப் பாதையில்
நடந்து வந்திருக்கிறான்.
குதிரை இல்லை.
முதல் காலை கதவைத் திறந்தபோது
தன் பேர் வாசலில் வந்து நிற்பதைப்
பார்த்திருப்பான்.

சாதியை உதற அவன் எடுத்த பேரை
நாலு தலைமுறையாக நாங்கள்
சாதியாக்கி உட்கார்ந்திருந்தோம்.

கோயில் அலுவலகத்தில் இஞ்ஞாசி அண்ணன்
பதிவேட்டைத் திறந்தார்.
பூஞ்சை வாடை. கரப்பான் தின்ற ஓரம்.
பிரெஞ்சுச் சாமியாரின் சாய்ந்த எழுத்து.
எத்தியேன் புருயார், ஞானஸ்நானம், மார்ச்.
நவம்பரில் அடக்கம்.
நாலு பக்கம் தள்ளி மறுபடியும் எத்தியேன்.
பதினாறு நாள்.
மூன்றாவதும் எத்தியேன்.
போன பிள்ளையின் சட்டையைப்போல
பேரைத் துவைத்துக் காயவைத்து
அடுத்ததற்குப் போட்டிருக்கிறார்கள்.
மூன்றாவது தங்கியது,
என் தாத்தாவின் அப்பா.
ஊரில் யாரும் அவரை
எத்தியேன் என்று கூப்பிட்டதில்லை.
பிச்சை.
தவிட்டுக்கு விற்று வாங்கிய பிள்ளையாம்.
காகிதத்தில் ஒரு பயம்,
வாயில் அதே பயம்.

தாய்க்கு நேரே ரோசாலி.
அந்தச் சீமை வழக்கப்படி
கட்டினவன் பேர் பெண்ணின் பத்திரத்தில் ஏறாது,
பிறந்த வீட்டுப் பேர்தான் கல்லறைவரை.
"பிறப்பால்" என்று எழுதி
சாமியார் பேனாவை நிறுத்தியிருக்கிறார்.
மை ஊறிய ஒரு பொட்டு.
பிறகு ஒரு கோடு.
பூம்பாறைக்காரியா, மன்னவனூரா,
பூண்டுக் காட்டிலிருந்து வந்தவளா,
தலையில் தண்ணீர் விழும் முன் என்ன பேரோ.
அவர் கேட்கவில்லையா, அவள் சொல்லவில்லையா.

பெலிக்ஸ் போன் செய்தான்.
அவனுக்கு ஒரே கேள்வி:
"வெள்ளைக்காரன்தானே?"
"கணக்கப்பிள்ளை" என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அப்போ என் கண்ணு?"

நகலுக்கு இருபது ரூபாய்.
எல்லாம் எழுதி முடித்து
இஞ்ஞாசி அண்ணன் முத்திரையை எடுத்தார்.
ரோசாலிக்குப் பின்னால்
இடம் வெறுமையாக இருந்தது.
"அந்தக் கோட்டையும் போடுங்கள்" என்றேன்.
"எந்தக் கோட்டை?"
விரல் வைத்துக் காட்டினேன்.
மேசை இழுப்பறையில் ஸ்கேல் தேடினார்,
அகப்படவில்லை.
கையாலேயே இழுத்தார்.
கொஞ்சம் வளைந்துதான் வந்தது.